ஓய்வுக்குப் பிறகு டாக்ஸி ஓட்டலாமா? ஓட்டலாம், கடன் வாங்காமல்

ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு வயதில் வேலையை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு உடம்பில் தெம்பு இருக்கும், கையில் கொஞ்சம் பணம் இருக்கும், வீட்டில் செலவு குறைந்திருக்காது. அப்போது பலருக்கும் தோன்றுகிற யோசனை, ஒரு காரை எடுத்து டி-போர்டு போட்டு, அதாவது வாடகை வண்டியாகப் பதிந்து, ஓட்டுவது. திண்டுக்கல் மாதிரி ஊரில் இந்த யோசனையைக் கேட்டதும் பாதிப் பேர் "உனக்கெதுக்கு இந்த வேலை" என்பார்கள். மீதிப் பேர் "நல்ல ஐடியா, எந்த வண்டி எடுக்கப்போறே?" என்பார்கள். இரண்டு பேச்சுமே விஷயத்தைத் தொடவில்லை என்பது என் எண்ணம். இந்த ஊரில், இந்த வயதில், டாக்ஸி ஓட்டுவது மதிக்கத்தக்க, நியாயமான இரண்டாவது தொழில். அதைக் கெடுப்பது பெரும்பாலும் வயது கிடையாது. முதல் மாதமே தலையில் ஏறுகிற வண்டிக் கடன்தான். ஓட்டுவதில் தொடங்குங்கள், வாங்குவதில் தொடங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் இந்தத் தேவை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். திண்டுக்கல் பூட்டுக்கும் தோலுக்கும் நூலுக்கும் பேர் போன ஊர். பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் பட்டறைகள் அதற்கு வெகுகாலம் முன்பே அலிகார் பூட்டுகளோடு போட்டி போட முடியாமல் சுருங்கிவிட்டன. தோல் பதனிடும் ஷாப்புகள் கழிவுநீர்ப் பிரச்சினையில் மாட்டின. 1996-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத் தோல் தொழிற்சாலைகள் பற்றி அளித்த தீர்ப்பில் வேலூர்ப் பகுதியோடு திண்டுக்கல்லும் அடங்கும். மிச்சமிருப்பதில் பெரியது வேடசந்தூர் பக்கத்து ஸ்பின்னிங் மில்கள். மில்லில் பி.எஃப். பிடித்தம் செய்து வேலை பார்த்தவருக்கு 58-ல் பென்ஷன் வரும். எவ்வளவு வரும்? ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் சம்பளத்துக்கு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய் உச்சவரம்பு. அதைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 வருடம் முழுக்க இந்த உச்சவரம்பில் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 7,500 ரூபாய். 2014-க்கு முந்தைய வருடங்களுக்கு வரம்பு இதைவிடக் குறைவு என்பதால் நிஜத்தில் கைக்கு வருவது இன்னும் கீழே நிற்கும். குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். பி.எஃப். இல்லாத பட்டறைத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் அதுவும் கிடையாது. ஆக, இந்த வயதில் வேலை தேடுவதைப் பேராசை என்று சொல்ல முடியாது. அரிசிக்கும் மாத்திரைக்கும் வழி செய்கிற முயற்சி அது.

சரி, அதற்கு டாக்ஸி ஏன்? சென்னையையோ கோவையையோ மனதில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. அங்கே செல்போனில் மணியடிக்கும், முகம் தெரியாத ஆள் ஏறுவார், ஐந்து கிலோமீட்டரில் இறங்குவார். திண்டுக்கல் சமவெளியில் வாடகைக் காரின் பிழைப்பு வேறு மாதிரி. ஊருக்குள் போய்வர ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் உண்டு. பழனிக்குச் சுமார் 60 கிலோமீட்டர், மதுரைக்குச் சுமார் 65, திருச்சிக்கு 100. எல்லாவற்றுக்கும் பஸ் நிற்காமல் ஓடுகிறது. பஸ்ஸில் போக முடிந்தவர் பஸ்ஸில்தான் போவார். காரைக் கூப்பிடுகிறவர் பஸ்ஸில் போக முடியாதவர். மதுரையில் பெரிய டாக்டரைப் பார்க்கப் போகும் சின்னாளபட்டிப் பாட்டி, டயாலிசிஸுக்கு வாரம் தவறாமல் போகவேண்டியவர், மதுரை விமான நிலையத்தில் மகனை வழியனுப்பப் போகும் நத்தம் குடும்பம், முகூர்த்த நாளில் ஒட்டன்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரோடு கிளம்பும் பெரியவர்கள், முழங்கால் வலியோடு பழனி விஞ்ச் வரை போய்வர நினைக்கும் தம்பதி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல். நாட்டுச் சராசரி ஒன்பதைக்கூடத் தொடவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பங்கு கூடிக்கொண்டேதான் போகிறது. பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, அப்பா அம்மா மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. சவாரி கேட்கிறவருக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. என் வாதத்தின் அச்சாணி இதுதான்.

இப்படிப்பட்ட சவாரியில் வண்டி ஓட்டுவது பாதி வேலைதான். ஆஸ்பத்திரி டிரிப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு வாசலில் வண்டி நிற்க வேண்டும். பாட்டி ஏறுவதற்கு முன் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சாய்வை ஒரு படி இறக்கிவைக்க வேண்டும். பழைய ரிப்போர்ட், ஸ்கேன் கவர், மாத்திரைப் பை எல்லாம் ஏறியதா என்று ஒரு தடவை கேட்க வேண்டும். ஸ்பீடு பிரேக்கரில் இடுப்பு அதிராமல் ஏற்றி இறக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எந்தக் கேட்டுப் பக்கம் சக்கர நாற்காலி கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு நாலு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ வெயிட்டிங், அதில் முகம் சுளிக்கக் கூடாது. திரும்பும்போது டாக்டர் என்ன சொன்னார் என்று அவர்கள் பின்சீட்டில் தாழ்ந்த குரலில் பேசுவது காதில் விழுந்தாலும் ஊரில் அதை யாரிடமும் சொல்லக் கூடாது. இருபத்தைந்து வயதில் இதெல்லாம் வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் தாய்க்கோ மனைவிக்கோ இதே ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்து பழகிய ஒருவருக்கு இது சொல்லிக்கொடுக்காமலே வரும். அடுத்த மாத செக்கப்புக்கு "அந்த அண்ணனையே வரச் சொல்லுங்க" என்று அந்த வீடு கேட்கும். இந்த ஊரில் டாக்ஸிக்காரரின் முதலீடு அந்த ஒரு வார்த்தைதான். எந்த பேங்கும் அதைக் கடனாகத் தராது.

சட்டமும் இப்போது கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. முன்பெல்லாம் டாக்ஸி ஓட்ட பேட்ஜ் வேண்டும், எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற இரண்டு தடைகள் இருந்தன. படிப்பு நிபந்தனையை 2019-ல் மத்திய அரசு நீக்கிவிட்டது. பேட்ஜ் விஷயத்தில் 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முடிவைச் சொன்னது: இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் அதே வகையைச் சேர்ந்த, 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம், தனி அங்கீகாரம் தேவையில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதை எதிர்த்து வாதாடின. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ல் அதையே உறுதி செய்தது. இருபது வருடமாகச் சொந்தக் கார் ஓட்டிப் பழகிய ஒருவருக்கு இது பெரிய விஷயம். ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் டிராவல்ஸ்காரர்கள் சிலர் பேட்ஜ் இருக்கிறதா என்று கேட்பார்கள். எடுத்துவைத்துக்கொண்டால் பேச்சு மிச்சம். இன்னொன்று, அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் சேர 60 வயதுதான் எல்லை. 58-ல் தொடங்குகிறவர் முதல் வேலையாக இதைச் செய்துவிட வேண்டும்.

இது நம் ஊர் விசித்திரமும் இல்லை. ஜப்பானில் டாக்ஸி ஓட்டுநர்களின் சராசரி வயதே அறுபதை ஒட்டி இருக்கிறது; அங்கே பல பேருக்கு இது வேறொரு வேலை முடிந்தபின் வந்த வேலை. சிங்கப்பூரில் மருத்துவச் சோதனைகளில் தேறினால் 75 வயது வரை டாக்ஸி ஓட்டலாம். அங்கே சாய் மிங்ஜியே என்ற விஞ்ஞானி, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர், ஆராய்ச்சி நிறுவன வேலை போனபின் ஐம்பதுகளில் டாக்ஸி ஓட்டத் தொடங்கினார். 2009-ல் தன் டாக்ஸி அனுபவங்களை எழுத ஆரம்பித்து, அது புத்தகமாகவும் வந்தது. பக்கத்திலேயே பாருங்கள். மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றபின்தான், 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். டாக்ஸியும் கண் மருத்துவமும் ஒன்றல்ல என்பது தெரிந்ததே. 58 என்ற எண் ஒரு மனிதரின் உழைப்புக்கு முற்றுப்புள்ளி இல்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று வேண்டாம் என்பதால் சொல்கிறேன்.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம். முதலாவதும் கனமானதும் பாதுகாப்பு. வயதானால் பார்வை மங்கும், கை கால் வேகம் குறையும், அடுத்தவர் உயிரை ஏற்றிக்கொண்டு போவது சரியா என்ற கேள்வி. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. உலக அளவில் பார்த்தால் ஓடும் தூரத்தோடு ஒப்பிட அதிக விபத்தில் சிக்குவது இருபதை ஒட்டிய இளைஞர்கள். நடுவயதில் அது குறைந்து, எழுபதுக்கு மேல்தான் மறுபடி ஏறத் தொடங்குகிறது. ஐம்பத்தெட்டு என்பது இடையிலுள்ள நல்ல காலம். ஆனால் சராசரி நல்லதாக இருந்தால் போதாது, ஸ்டியரிங் பிடிக்கிற அந்த ஒரு ஆளின் கண் நன்றாக இருக்க வேண்டும். லைசென்ஸுக்கான 1ஏ படிவத்தில் டாக்டரிடம் கேட்கப்படும் கேள்விகள் சரியானவை: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா, மாலைக்கண் உண்டா, சாதாரண ஹார்ன் சத்தம் கேட்கிறதா. நம் பழக்கத்தில் இது பல சமயம் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. அப்படி முடித்துக்கொள்ளாதீர்கள். நிஜமாகவே 25 மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். திண்டுக்கல்லிலேயே அரவிந்த் கிளை இருக்கிறது. கண்புரையும் கண் நீர் அழுத்தமும் வருடம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். புரை தொடங்கினவருக்குப் பகலில் எல்லாம் தெளிவாகத் தெரியும், இரவில் எதிர்லாரி ஹைபீம் அடித்தால் ரோடே மறைந்துவிடும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் கல்யாண டிரிப்பில் சாப்பாட்டு நேரம் தவறினால் மயக்கம் வரலாம். டாஷ்போர்டில் குளுக்கோஸ் இல்லாமல் அவர் வண்டி எடுக்கக் கூடாது.

பாதுகாப்புக்கு நான் சொல்லும் வழி, சவாரியைத் தேர்ந்தெடுப்பது. முதல் வருடம் இரவு ஓட்டம் வேண்டாம். குறிப்பாக விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை நான்குவழிச் சாலையில் எந்த வயதுக்காரருக்கும் கண் சொருகும். தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் பழனி ரோட்டில் ஒட்டன்சத்திரம் வரையும் அதற்கு அப்பாலும் பாதயாத்திரைக் கூட்டம் ராத்திரியெல்லாம் ஓரமாக நடந்துகொண்டிருக்கும். அந்த ரோட்டில் இரவில் ஓட்டப் பழகின கண் வேண்டும். கொடைக்கானலும் முதல் வருடம் வேண்டாம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுவது பெரிதில்லை, இறங்குவதுதான் வித்தை. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் லைனிங் கருகும் வாடை வரும், அதற்கப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கொடைக்கானலுக்கு 2024 மே 7-லிருந்து இ-பாஸ் முறை வேறு இருக்கிறது. மலையை அதில் பழகியவர்களுக்கு விட்டுவிட்டு மதுரை, பழனி, திருச்சி, கரூர் என்று சமவெளியில் பகலில் ஓட்டினால் போதும். சட்டப்படியே ஓட்டுநருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி ஓட்டக் கூடாது. வண்டிக் கடனுக்கு மாத டியூ கட்டவேண்டிய இளைஞரால் இதைக் கடைப்பிடிக்க முடியாமல் போகலாம். கடன் இல்லாத பெரியவரால் முடியும்.

இங்கேதான் பணக் கணக்கு வருகிறது, இரண்டாவது எதிர்ப்பும் இதுதான்: இதில் என்ன மிஞ்சும்? ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். உங்கள் ஸ்டாண்டு ரேட்டை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பத்து லட்ச ரூபாய் வண்டி. இரண்டு லட்சம் கையிலிருந்து, எட்டு லட்சம் கடன். பத்து சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாத டியூ ஏறத்தாழ 17,000 ரூபாய். டி-போர்டு இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி., டயர், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் மாதம் 6,000 ஒதுக்கினால் மொத்தம் 23,000. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வாங்கி அதில் 5 ரூபாய் எரிபொருளுக்குப் போனால் மிஞ்சுவது 9. இந்த 23,000-ஐ எடுக்கவே மாதம் ஏறத்தாழ 2,550 கிலோமீட்டர் வாடகைக்கு ஓட வேண்டும். மதுரை விமான நிலையத்துக்குப் போய்வரும் 150 கிலோமீட்டர் டிரிப்பாகப் பார்த்தால் 17 டிரிப். அதுவரை வீட்டுக்கு ஒரு ரூபாய் கிடையாது. ஆடி, மார்கழி என்று முகூர்த்தமில்லாத மாதம் வந்தால் டியூ நிற்காது. டியூ துரத்தினால் இரவு சவாரி எடுப்பார், மலைக்குப் போவார், தூக்கத்தை விடுவார். பாதுகாப்பு பற்றிய பயம் எல்லாம் நிஜமாவது அந்த இடத்தில்தான். வயதின் தலையில் நாம் போடும் பழியில் பெரும்பங்கு இந்தக் கடனுக்குச் சேர வேண்டியது.

இதற்கு மாற்று ஆக்டிங் டிரைவர் வேலை, அதாவது அடுத்தவர் வண்டியை நாள் கூலிக்கு ஓட்டுவது. சொந்தக் கார் வைத்திருந்தும் நெடுந்தூரம் ஓட்டத் தயங்குகிறவர்கள் ஊரில் நிறைய; டிராவல்ஸ்காரர்களுக்கும் முகூர்த்த நாளில் ஆள் பற்றாது. நாளுக்கு 900 ரூபாய், மாதம் 15 நாள் என்று வைத்தால்கூட 13,500. வண்டி பஞ்சரானாலும் எஃப்.சி. முடிந்தாலும் உங்கள் கைக்காசு போகாது. மில் பென்ஷன் ஐயாயிரம் வருகிறவருக்கு இரண்டும் சேர்ந்தால் 18,500. வாரத்தில் பாதி நாள் வீட்டில். ஒரு வருடம் இப்படி ஓட்டினால் எந்த வீடு திரும்பக் கூப்பிடுகிறது, முதுகு தாங்குகிறதா, வெயிட்டிங்கில் பொறுமை நிற்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அப்புறமும் சொந்த வண்டி வேண்டுமென்றால் பழைய வண்டியாக, கையிலுள்ள பணத்துக்குள், அல்லது இரண்டு மூன்று வருடத்தில் முடிகிற சின்னக் கடனில் எடுக்கலாம். முத்ரா கடன் டாக்ஸிக்கும் உண்டு. கிடைக்கிறது என்பதற்காக வாங்கக் கூடாது, அவ்வளவுதான். பி.எஃப். பணத்தை மொத்தமாக ஷோரூமில் கொண்டுபோய்க் கட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

சொந்தக் காரையே வாடகை வண்டியாகப் பதியாமல், ஓன் போர்டில் வைத்து வாடகைக்கு ஓட்டினால் செலவு மிச்சம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை, கூடவே கூடாது. விபத்து நேர்ந்தால் வாடகைக்கு ஓடியதைக் காட்டி இன்சூரன்ஸ் கைவிரிக்க இடமுண்டு. பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு உங்கள் வீட்டின் மேல் வந்து நிற்கும். வரியும் பெர்மிட்டும் கட்டி ஸ்டாண்டில் நிற்கிறவரின் சோற்றில் கைவைப்பதும் அதுதான். நாற்பது வருடம் நேர்மையாகச் சம்பாதித்தவர் கடைசிக் காலத்தில் செய்யக்கூடிய காரியம் இல்லை.

இளைஞர்களின் வேலையைப் பெரியவர்கள் பறிக்கிறார்களே என்பது அடுத்த கேள்வி. சென்னை டிராப், கொடைக்கானல் சீசன், இரவு ரயில், நாலு நாள் கோயில் சுற்று என்று நல்ல காசு வரும் ஓட்டங்கள் எல்லாம் இளைஞர்களுக்கே. அவர்கள் அலுத்துக்கொள்ளும் வெயிட்டிங் சவாரிதான் பெரியவர்களுக்குப் பொருந்துவது. குறைந்த ரேட்டுக்கு ஓட்டிச் சந்தையைக் கெடுக்காதவரை இருவருக்கும் இடமிருக்கிறது. "எனக்குப் பென்ஷன் இருக்கு, நூறு ரூபாய் குறைச்சே குடுங்க" என்று ஓட்டுவது தாராள மனசு போலத் தெரியும், ஆனால் அது பக்கத்து ஸ்டாண்டு தம்பியின் டியூவில் விழுகிற அடி. ஸ்டாண்டு ரேட்டை மதிக்க வேண்டும்.

கடைசியாக வருவது வாய்விட்டுச் சொல்லப்படாத எதிர்ப்பு, கௌரவம். "எதுக்குப்பா இந்த வயசுல டிரைவர் வேலை? நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்று பிள்ளைகள் கேட்பதில் பாசம் இருக்கிறது, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது. சூப்பர்வைசராக இருந்தவரை யாரோ ஒருவர் "டிரைவர், வண்டிய எடு" என்று ஒருமையில் கூப்பிடுவது வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் தவறு கூப்பிடுகிறவர் நாக்கில் இருக்கிறது, ஸ்டியரிங் பிடித்த கையில் இல்லை. அப்பா யாரிடமும் கைநீட்டாமல் தன் மாத்திரைச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதில் குறைந்துபோகும் கௌரவம் எது என்று பிள்ளைகள் யோசித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் செய்யக்கூடிய உதவி வேறு இருக்கிறது: கண் சோதனைக்கு அழைத்துப் போவது, விபத்துக் காப்பீடு எடுத்துக்கொடுப்பது, வண்டிக் கடன் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்வது. சவாரி போகிற நாமும் மதிய உணவுக்கு நிறுத்தும்போது டிரைவரையும் உட்காரச் சொல்லி, பேட்டாவைப் பேசியபடி கையில் கொடுக்க வேண்டும்.

ஆகவே யோசனையில் இருப்பவர்களுக்கு என் பதில் இது. கண், சர்க்கரை, முதுகு மூன்றும் சரியென்று டாக்டர் சொன்னால் தயங்காமல் இறங்குங்கள். லைசென்ஸைப் புதுப்பியுங்கள், அறுபதுக்குள் நல வாரியத்தில் பதியுங்கள். ஒரு வருடம் அடுத்தவர் வண்டியில், பகலில், சமவெளியில் ஓட்டுங்கள். உங்களைக் கேட்டு இருபது வீடுகள் போன் செய்யும் நிலை வந்தபின் சொந்த வண்டியைப் பற்றிப் பேசலாம். அந்த வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நம்பி ஏற ஒரு வண்டி கட்டாயம் தேவை. அதை ஓட்டுவதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் இந்த ஊரில் அதிகம் பேர் இல்லை.